ஒரு குறையும் இல்லை

லஃபாயெட் ஊருக்குள் நுழைகிற எந்தச் சாலையில் வந்தாலும் வக்கீல் கிரேடி ஸ்டெல்லியின் முகத்தைப் பார்க்காமல் வர முடியாது. கூரை உயரத்துக்கு விளம்பரப் பலகை, அதில் பாதி இடத்துக்குப் பல்வரிசை. 'அடிபட்டீர்களா? ஸ்டெல்லியைக் கூப்பிடுங்கள்' என்று எழுதி, கீழே கொட்டை எழுத்தில் ஒரு தொலைபேசி எண். ஊர்ப் பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாட்டை மறந்தாலும் அந்த எண்ணை மறக்காது. அந்த எண்ணை அழுத்தினால் மணி அடிப்பது கிரேடியின் அறையில் அல்ல. டெல்ஃபின் கில்ரியின் மேஜையில்.

இதற்கெல்லாம் வயிறெரியாமல் இருக்க வேண்டுமானால் ஒருத்தி முனிவராகப் பிறந்திருக்க வேண்டும். டெல்ஃபின் முனிவர் இல்லை. அவளும் அதே அலுவலகத்து வக்கீல்தான். கிரேடி படித்த அதே சட்டக் கல்லூரியில், அவனுக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவள், அவனைவிட நல்ல மதிப்பெண் வாங்கியவள். இருந்தும் காலையில் வேலைக்கு வரும்போது அவன் பலகையில் சிரித்துக்கொண்டிருப்பான், இவள் காரில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போவாள். ஒரு முறை புயலில் அந்தப் பலகையின் ஒரு பக்கம் கிழிந்து, அவனுடைய மேல்வரிசைப் பற்கள் காற்றில் தொங்கின. அன்றைக்கு முழுவதும் அவளுக்கு நல்ல மனநிலை.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது நாலாயிரம் வழக்கு. நாலாயிரம் வயிறு என்றும் சொல்லலாம். குடலிறக்கத்துக்கு ஆப்பரேஷன் செய்து, உள்ளே ஒரு வலையை வைத்துத் தைத்து அனுப்பப்பட்டவர்கள் அவர்கள் எல்லோரும். ஒரு கம்பெனியின் வலை மட்டும் சில வருஷத்தில் சுருங்கிப்போய்க் குடலோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கம்பெனி மேல்தான் வழக்கு. நாலாயிரம் பேருக்கும் ஆஸ்பத்திரிக் காகிதம் வரவழைக்க வேண்டும். கோர்ட்டு கேட்ட தேதிக்குள் கொடுக்க வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் அந்த ஆளின் வழக்கைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். இதற்கு நடுவில் ஒருவர் செத்துப்போவார், ஒருத்தி விவாகரத்து வாங்கிப் பெயரை மாற்றிக்கொள்வாள், ஒருவன் ஜெயிலுக்குப் போவான், ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் அலாஸ்காவுக்குப் போய்விடுவான். கிரேடி ஜூரி முன்னால் நின்று எல்லோரையும் அழவைப்பான், வாஸ்தவம். அவன் யாரைக் காட்டி அழவைக்கிறானோ அந்த ஆளை அந்த நாற்காலி வரை கைபிடித்துக் கொண்டுவந்து சேர்ப்பது டெல்ஃபின். இந்த இரண்டாவது வேலைக்கு யாரும் பலகை வைப்பதில்லை.

அந்த நாலாயிரத்தில் ஒருவர் அல்சீட் மூட்டோன். தெற்கே சதுப்புக் கால்வாய் ஓரத்தில், படகு என்ஜின் பழுது பார்த்து வாழ்ந்த மனிதர். எழுபது தாண்டிவிட்டது. வழக்கு போட்ட மூன்றாம் வருஷம் மனைவி யூலா காலமாகிவிட்டாள். முதல் முறை டெல்ஃபின் அவரைத் தொலைபேசியில் பிடித்தபோது, எல்லோரிடமும் கேட்கிற மாதிரி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"ஒரு குறையும் இல்லைங்க, மேடம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குறை சொல்லிக் கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறவரே ஒரு குறையும் இல்லை என்கிறார். ஆனால் அவள் அந்த மண்ணில் பிறந்தவள். கால்வாய்ப் பக்கத்து ஆம்பிளைகள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியும். எலும்பு வெளியே தெரிய ஆம்புலன்ஸில் படுத்திருக்கும்போது கேட்டாலும் இதே பதில்தான் வரும். அவளுடைய அப்பா சாகக் கிடந்த வாரம்கூட அப்படித்தான் சொன்னார். எப்படி இருக்கிறாய் என்ற கேள்விக்கு அங்கே ஒரே ஒரு மரியாதையான பதில்தான் உண்டு. வேறு எதைச் சொன்னாலும் அது அழுகை.

அதனால் அவள் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் அவரைக் கூப்பிட்டால் சுற்றி வளைத்துத்தான் கேட்பாள். இந்த ஞாயிறு சர்ச்சில் எங்கே நின்றீர்கள்? பின்னால், கதவு ஓரத்தில் என்பார். ஏன் பின்னால்? காற்று வரும் என்பார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், மண்டியிட முடியவில்லை, முன் வரிசையில் நின்றுகொண்டே இருந்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்பது மெதுவாக வெளியே வரும். பூட்ஸ் போட்டீர்களா, ஷூ போட்டீர்களா? பூட்ஸ் என்பார், காலை நுழைத்தால் போதும் என்ற ரப்பர் பூட்ஸ். யூலா இருந்தவரைக்கும் ஷூ. குனிந்து கட்ட அவள் இருந்தாள். இப்படிக் கேட்டுக் கேட்டு, அந்த மனிதரின் வலி முழுவதையும் அவள் வீட்டுக்கு வழி தெரிகிற மாதிரித் தெரிந்துவைத்திருந்தாள். எதையும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்தால் அது எல்லோருக்கும் சொந்தமாகிவிடும் என்று ஒரு எண்ணம். அது சரியான எண்ணம் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

இரண்டாம் வருஷத்திலேயே 'மேடம்' போய் 'ஷா' வந்துவிட்டது. அந்தப் பக்கத்து மக்கள் மகளைக் கூப்பிடுகிற வார்த்தை, பேத்தியைக் கூப்பிடுகிற வார்த்தை, அடுப்படியில் புழங்கும் பூனையைக்கூடக் கூப்பிடுகிற வார்த்தை. கிரேடி அதைக் கடைக்காரப் பெண்ணிலிருந்து நீதிபதியின் குமாஸ்தா வரை எல்லோருக்கும் வாரி இறைப்பான். அல்சீட் அப்படி எல்லோரிடமும் சொல்கிறவர் இல்லை. யூலா போன பிறகு அவர் அப்படிக் கூப்பிட வேறு ஆளும் இல்லை.

இந்த நிலையில்தான் நீதிபதி அவர் வழக்கை மணியாடாகத் தேர்ந்தெடுத்தார். நாலாயிரத்தையும் விசாரிக்க எந்த நீதிபதிக்கும் ஆயுசு போதாது. ஒன்றை மட்டும் எடுத்து முதலில் ஜூரி முன் வைப்பார்கள். அது ஜெயித்தால் கம்பெனி இறங்கிவந்து மற்றவர்களோடு சமாதானம் பேசும், தோற்றால் அத்தனை பேரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கழுத்தில் மணி கட்டிய ஆடு போகும் பக்கம் மந்தை போகும் என்று, அந்த முதல் வழக்குக்கு வக்கீல்கள் வைத்த பெயர் மணியாடு. மூட்டோன் என்றால் அந்த ஊர்ப் பழைய பிரெஞ்சில் ஆடு என்றே அர்த்தம். அலுவலகத்தில் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

டெல்ஃபின் சிரிக்கவில்லை. இருவருக்கும் மேலே இருந்த முதலாளியின் அறைக்குப் போய், இந்த வழக்கை நான் நடத்துகிறேன் என்று கேட்டாள். வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டாள். முதலாளி அவளை உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, நீ இல்லாமல் இந்த அலுவலகம் ஒரு நாள் ஓடாது என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். பிறகு கிரேடி நடத்துவான் என்றார். பலகையைப் பார்த்து வந்தவர்களுக்குப் பலகையில் இருக்கிற முகத்தைக் காட்ட வேண்டாமா என்றார். அவள் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். அன்று மாலை அல்சீட்டைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னாள்.

"பலகையில இருக்காரே, அவரா? அவரா ஷா எனக்கு வக்கீல்?"

"அவர்தான்."

"யூலா இருந்திருந்தா ஊரெல்லாம் சொல்லியிருப்பா. ஸ்டெல்லி என் வக்கீல்னு நான் சொன்னா ஒரு பய நம்ப மாட்டான்."

என் வக்கீல். டெல்ஃபின் தொலைபேசியை வைத்துவிட்டு அந்த இரண்டு வார்த்தையையும் மென்றுகொண்டே உட்கார்ந்திருந்தாள். ஏழு வருஷமாக அவருடைய ஒவ்வொரு காகிதத்திலும் கையெழுத்துப் போட்ட வக்கீல் யார்? யூலாவின் சாவுக்குப் போய்ச் சவப்பெட்டிப் பக்கத்தில் நின்றது யார்? அவர் கண்ணில் அவள் வக்கீலே இல்லை. தொலைபேசியில் பேசுகிற பெண். அவர் மேல் கோபப்பட முடியவில்லை, அதனால் அதையும் சேர்த்து கிரேடி கணக்கில் எழுதிக்கொண்டாள்.

சாட்சிக்குத் தயார் செய்ய அல்சீட் அலுவலகத்துக்கு வந்தார். கிரேடி சோறும் இறைச்சிக் குழம்பும் வரவழைத்திருந்தான். வாசலிலேயே அவர் தோளில் கைபோட்டு, உங்க ஊர்ல இப்ப என்ன மீன் கடிக்குது என்று ஆரம்பித்தான். அதோடு இருவரும் மீனிலேயே போய்விட்டார்கள். கிரேடி சொன்ன கதைக்கு அல்சீட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டெல்ஃபின் மேஜையின் கோடியில் காகிதப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சிரிப்பு அவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. ஏழு வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிச் சிரித்ததில்லை. அவளிடம் வலியைச் சொல்வார், சிரிப்பு நேற்று வந்தவனுக்குப் போகிறது. நல்ல பங்கீடு.

கிரேடி கேள்விகளைக் கேட்டான். அல்சீட் மரியாதையாக, சுருக்கமாகப் பதில் சொன்னார். சில நாள் வலிக்கும். சில நாள் பரவாயில்லை. அலட்டிக்கொள்ளாத மனிதர், ஜூரிக்கு இப்படிப்பட்டவரைத்தான் பிடிக்கும் என்று கிரேடிக்கு ஒரே திருப்தி. எப்படி இருக்கிறீர்கள் என்று அவன் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் மீன், இல்லையென்றால் பாராட்டு, அந்தக் கேள்விக்கு இடம் எங்கே?

அவள் கவனித்தாள். கோர்ட்டில் கம்பெனி வக்கீல் நிச்சயம் கேட்பார் என்பதும், அல்சீட் என்ன சொல்வார் என்பதும் அப்போதே அவளுக்குத் தெரியும்.

அல்சீட்டை அனுப்பிவிட்டு வந்த கிரேடி, நடையில் அவளை நிறுத்தினான். கையில் அவளுக்கும் ஒரு காபி வைத்திருந்தான். சர்க்கரை போடாமல், அவள் குடிக்கிற மாதிரி. அவனிடம் இதுதான் பெரிய தொல்லை. கெட்டவனாகவும் இருந்து தொலைக்க மாட்டான்.

"அவரைப் பத்தி எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கா டெல்ஃபின்? உன் அளவுக்கு அவரை யாருக்கும் தெரியாது."

இப்படிக் கேட்டால் சொல்லிவிட வேண்டியதுதானே? மண்டியிடுவதை, கதவோரத்தை, பூட்ஸை, அந்த ஒரு கேள்வியை. நாக்கு நுனிவரை வந்தது. அப்போது அவளுக்குத் தெரிந்தது, பலகை அவனுடையது, கோர்ட்டு அவனுடையது, சிரிப்பு அவனுடையது, 'என் வக்கீல்' அவனுடையது. அல்சீட் தன்னிடம் மட்டும் சொன்ன இந்த நாலு வார்த்தை ஒன்றுதான் அவள் கையில் மிச்சம். அதையும் கேட்கிறான், காபி கொடுத்து.

"எல்லாம் ஃபைல்ல இருக்கு," என்றாள்.

ஃபைலில் இல்லை. அவன் நம்பினான். தலையாட்டிவிட்டுப் போனான்.

விசாரணை நாள் காலை அல்சீட் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கோர்ட்டு நடையில் பெஞ்சு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை. ரப்பர் பூட்ஸோடு வரக்கூடாது, சர்ச்சுக்குப் போடும் ஷூவைப் போட்டு வாருங்கள் என்று கிரேடி சொல்லியிருந்தான். போட்டு வந்திருந்தார். இரண்டு லேஸும் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தன. கார் நிறுத்துமிடத்திலிருந்து அப்படியே நடந்து வந்திருக்கிறார். டெல்ஃபினைப் பார்த்ததும் இரு பக்கமும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"ஷா, கொஞ்சம் வேணும். ஆள் வர்றதுக்குள்ள."

அவள் மண்டியிட்டுக் கட்டினாள். அவிழாமல் இருக்க இரட்டை முடிச்சுப் போட்டாள். அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றார், ஊசி போடும்போது குழந்தைகள் வேறு பக்கம் பார்க்கிற மாதிரி.

"யார்கிட்டயும் சொல்லிடாத," என்றார். "யூலாவுக்கு அப்புறம் உனக்குத்தான் தெரியும்."

சத்தியமாகச் சொன்னால், அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மார்பிள் தரையில் முட்டி வலிக்க வலிக்கச் சந்தோஷம். உள்ளே கிரேடி டையைச் சரிசெய்துகொண்டிருப்பான். அவனுக்கு இது கிடைக்காது.

கிரேடியின் கேள்விகள் நன்றாகவே போயின. அல்சீட் தெளிவாகப் பேசினார், எட்டுப் பேர் கொண்ட ஜூரி அவரை மரியாதையோடு பார்த்தது. பிறகு கம்பெனியின் வக்கீல் எழுந்தார். திருமதி விநியார்ட், மிசிசிப்பிக்காரர், நரைத்த தலை, பக்கத்து வீட்டு அத்தை மாதிரிக் குரல். கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

"வணக்கம் மிஸ்டர் மூட்டோன். ரொம்ப நேரமா உட்கார வச்சுட்டோம். எப்படி இருக்கீங்க?"

"ஒரு குறையும் இல்லைங்க, மேடம்."

ஜூரியில் ஓர் ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். திருமதி விநியார்டும் அன்பாகச் சிரித்தார்.

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்லைங்க. உங்களுக்கு எப்படி?"

"எனக்கும் ஒண்ணுமில்லைங்க. காலையில நல்லாச் சாப்பிட்டீங்களா?"

நன்றாகச் சாப்பிட்டதாகச் சொன்னார். ஊரிலிருந்து நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தீர்களா என்று அந்த அம்மாள் கேட்டார், ஆமாம் என்றார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறீர்களா என்று கேட்டார், தவறியதே இல்லை என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னார். போதும், உங்கள் உடம்பு நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். அதிகம் பேசவே இல்லை. சாட்சி நாற்காலியில் அல்சீட், மரியாதைக் குறைவில்லாமல் நடந்துகொண்டோம் என்ற நிம்மதியில், கிரேடியைப் பார்த்துப் புன்னகைத்தார்.

கிரேடியின் பிடரி சிவந்துபோயிற்று. அவன் எழுந்து இன்னொரு முறை கேள்வி கேட்கலாம், ஆனால் என்ன கேட்பது? உண்மையில் வலிக்குமா என்று கேட்டால், அவ்வளவு ஒன்றும் இல்லை என்று சொல்லிவைப்பார். அவன் மெல்லத் திரும்பி, பின்னால் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்த டெல்ஃபினைப் பார்த்தான். பலகையில் இருக்கும் அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்க அவள் எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறாள். கொஞ்சம் இனித்தது என்றும் சொல்ல வேண்டும். ஒரு மூச்சு விடும் நேரம்.

பிறகு அல்சீட்டின் புன்னகையைப் பார்த்தாள். தான் தோற்றுக்கொண்டிருப்பது அந்த மனிதருக்குத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் நாலாயிரம் பேர். அத்தனை பேரின் குரலும் அவளுக்குத் தெரியும்.

தானே எழுந்து கேட்டுவிட நினைத்தாள். முடியாது. ஒரு சாட்சிக்கு ஒரு வக்கீல் என்பது கோர்ட்டு வழக்கம். யார் விசாரிக்க ஆரம்பித்தாரோ அவர்தான் முடிக்க வேண்டும். அவள் மனதிலிருக்கும் கேள்வி கோர்ட்டில் ஒலிக்க வேண்டுமானால் அது கிரேடியின் வாய் வழியாகத்தான் வரும். அவள் மஞ்சள் சீட்டு ஒன்றைக் கிழித்து எழுதி, முன்னால் நீட்டினாள்.

கிரேடி படித்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எழுந்தான்.

"மிஸ்டர் மூட்டோன், ஒரே ஒரு கேள்வி. இன்னைக்குக் காலையில உங்க ஷூ லேஸைக் கட்டினது யாரு?"

அல்சீட்டின் புன்னகை இருந்த இடத்திலேயே நின்றது. குனிந்து ஷூவைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, கிரேடியைத் தாண்டி, நேராக டெல்ஃபினைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் வெறுமனே பார்த்தார், வீட்டுக்குள் யார் நுழைந்தது என்று பார்ப்பது போல.

"அந்த அம்மா கட்டிவிட்டாங்க," என்றார்.

"ஏன் சார்?"

"எனக்குக் குனிய முடியாது."

அதற்குமேல் கிரேடிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நூல் கிடைத்தால் போதும், இழுத்துவிடுவான். குரலைத் தாழ்த்தி, அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, முன்பு யார் கட்டிவிடுவார்கள் என்று கேட்டான். யூலா வந்தாள். சர்ச்சில் எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டான். கதவோரம் வந்தது, மண்டியிட முடியாதது வந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்காக ஏழு வருஷம் துளித்துளியாக வந்ததெல்லாம் அரை மணியில் எட்டுப் பேர் முன்னால் கொட்டிக் கிடந்தது. சிரித்த அந்த ஜூரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அல்சீட் யாரையும் பார்க்காமல், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். முடிவில் அழுதார். அந்த வயதில், அந்த ஊர் ஆம்பிளை, கோட்டுப் போட்டுக்கொண்டு, ஊர் பார்க்க.

இடைவேளையில் அவர் நடையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலின் இரட்டை முடிச்சு எப்படியோ அவிழ்ந்து லேஸ் தொங்கியது. டெல்ஃபின் ஓடிப்போய்க் குனிந்தாள். அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்," என்றார். லேஸ் இழுபட அப்படியே நடந்து உள்ளே போனார்.

ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வாயைப் பிளக்கிற மாதிரித் தீர்ப்பு. மாதம் திரும்புவதற்குள் கம்பெனி சமாதானம் பேச வந்துவிட்டது, மணியாட்டின் பின்னால் மந்தை முழுவதும் கரையேறியது. பத்திரிகையில் கிரேடியின் படம் வந்தது. அல்சீட்டும் படத்தில் இருந்தார், கிரேடியின் கை அவர் தோளில். படத்தின் ஓரத்தில் ஒரு காகிதப் பெட்டியும் அதைப் பிடித்திருக்கும் ஒரு கையும் தெரிந்தன. அந்தக் கை டெல்ஃபினுடையது.

கிரேடி அவள் அறைக்கு வந்தான். எல்லோர் முன்னாலும் அவள் பெயரைச் சொல்லி நன்றி சொன்னவன்தான், தனியாகவும் சொல்ல வந்தான். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அன்றைக்கு நான் செத்திருப்பேன் என்றான். போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருந்தா, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருப்பேன். பாவம், திடுதிப்புனு ஆயிடுச்சு மனுஷனுக்கு."

குத்திக்காட்டவில்லை. அவனுக்கு உண்மையிலேயே வருத்தம். எல்லாம் ஃபைலில் இருக்கிறது என்று அவள் சொன்னதை நினைவில் வைத்திருந்தானோ இல்லையோ, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டெல்ஃபினுக்கு அவனுடைய பலகை மேல் இருந்த பொறாமை அந்த நிமிஷம் சின்னதாகிவிட்டது. அந்த நல்ல குணத்தின் மேல் புதிதாக ஒன்று முளைத்தது, அது இன்னும் மோசம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் அல்சீட்டைக் கூப்பிட்டாள். கூப்பிட வேலை ஒன்றும் இல்லை, வழக்கு முடிந்துவிட்டது. மணி வெகு நேரம் அடித்தது.

எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எங்கே நின்றீர்கள் என்று கேட்டாள்.

"எல்லாரும் நிக்கிற இடத்துலதான்."

பூட்ஸா, ஷூவா என்று கேட்டாள். இருப்பதைப் போட்டுக்கொண்டு போனதாகச் சொன்னார். அவள் பேசாமல் இருந்து பார்த்தாள். முன்பெல்லாம் அப்படி இருந்தால் மெதுவாக ஏதாவது வரும். இப்போது அவரும் பேசாமல் இருந்தார், கால்வாயில் ஒரு படகு போகிற சத்தம் மட்டும் கேட்டது. அவளிடம் வேறு கேள்வி மிச்சமில்லை. ஏழு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த ஒன்றுதான் இருந்தது.

"எப்படி இருக்கீங்க?" என்றாள்.

"ஒரு குறையும் இல்லைங்க, வக்கீலம்மா."